மதுரை வாயிலின் சான்று



ஒரு போரை மறப்பது எளிது. அதனினும் எளிது அதனைச் சுருக்கிவிடுவது. பல்லாண்டுக் காலம் ஊர்களை எரித்து, குடிகளை அலைத்து, கரையோரங்களைக் குருதியால் நனைத்த ஒரு போர், சொல்வோர் நாவில் நான்கே சொற்றொடர்களாய் முடிந்துவிடுகின்றது: இவன் நல்லவன், அவன் பகைவன், இவன் வென்றான், அவன் வீழ்ந்தான். மேடைப் பேச்சுக்கு அதுவே வாய்ப்பு. திரைப்படத்துக்கு அதுவே போதும். பாடநூலை நெட்டுருச் செய்யும் பிள்ளைக்கும் அதுவே எளிது. ஆனால், தன் வருங்காலத்துக்கு வழிகாட்டியாக வரலாற்றைக் கொள்ள விழையும் ஓர் இனத்துக்கு அச் சுருக்கம் உதவாது. உதவாமற் போவதோடன்றிக் கேடும் செய்யும்.

இதனை விளக்குதற்கு அயலார் போர்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை அரியணைக்காக நிகழ்ந்த போர் ஒன்றே போதும்.

அப் போரைப் பற்றி இரண்டு கூற்றுகள் உலவுகின்றன. தமிழகத்தில் உலவுவது: சிங்களவன் படையெடுத்து வந்தான், சோழன் அவனை வென்று விரட்டினான். கடலுக்கு அப்பால் உலவுவது: மாவேந்தன் பராக்கிரமபாகு தமிழகத்தின்மேற் படை செலுத்திப் பாண்டியரையும் சோழரையும் பணியவைத்தான். இரண்டும் ஒரே போரைப் பற்றியவை. இரண்டிலும் ஒரு பாதி உண்மை உண்டு. மற்றொரு பாதி இரண்டிலும் இல்லை. அந்த மற்றொரு பாதியில்தான் தமிழர்க்கு வேண்டிய பாடம் புதைந்து கிடக்கின்றது.

அழைத்தவர் யார்?

மதுரையில் பராக்கிரமபாண்டியன் ஆண்டுகொண்டிருந்தான். பாண்டியர் குடியிலேயே தோன்றிய குலசேகரபாண்டியன், அரசுரிமை தனதே என்று கிளர்ந்து, படை திரட்டி மதுரையை முற்றுகையிட்டான். இது நிகழ்ந்தது 1160-களின் பிற்பகுதியில். முற்றுகைக்குள் அகப்பட்ட பராக்கிரமபாண்டியன், பொலன்னறுவையிலிருந்து ஈழத்தை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவிடம் (1153–1186) உதவி வேண்டித் தூது விடுத்தான். ஆகவே, சிங்களப் படை தமிழகக் கரையில் இறங்கியதற்கு முதற் கரணியம் ஓர் அழைப்பு. அழைத்தவன் தமிழ் வேந்தன். அவனை அந் நிலைக்குத் தள்ளியவனும் தமிழ் வேந்தனே.

உதவிப்படை கடல் கடக்குமுன்னரே மதுரை வீழ்ந்தது. பராக்கிரமபாண்டியன் தன் மனைவி மக்களோடு கொல்லப்பட்டான். வீரபாண்டியன் என்னும் ஒரு மகன் மட்டும் தப்பிப் பிழைத்தான். எனினும் ஈழவேந்தன் படையைத் திருப்பியழைக்கவில்லை. அரியணையை அம் மகனுக்கு மீட்டுத் தருமாறு தன் படைத்தலைவன் இலங்காபுரனுக்கு ஆணையிட்டான். இலங்காபுரன் இராமேசுவரத்தைக் கைப்பற்றி, அத் தீவின் குந்துகாலில் கோட்டை எழுப்பி, அங்கிருந்து உள்நாட்டுக்குள் முன்னேறினான். குலசேகரனுக்குத் துணையாகக் கொங்குநாட்டிலிருந்து உறவினர் படை வந்தது. இலங்காபுரனுக்குத் துணையாக ஈழத்திலிருந்து இரண்டாம் படை வந்தது. முடிவில் குலசேகரன் தோற்றோடினான். வீரபாண்டியன் மதுரையில் அமர்த்தப்பட்டான்.

தோற்ற குலசேகரன் சோழநாடு சென்று இரண்டாம் இராசாதிராசனிடம் அடைக்கலம் புகுந்தான். சோழனும் பெருமான்நம்பிப் பல்லவராயன் தலைமையில் பெரும்படை அனுப்பினான். தொண்டி, பொன்னமராவதி, மணமேற்குடி முதலிய இடங்கள் போர்க்களங்களாயின. குடிமக்கள் எய்திய அச்சத்துக்குக் காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டே சான்று. ஈழப்படை இராமேசுவரத்துக் கோயிலில் வழிபாட்டை நிறுத்திக் கருவூலத்தையும் கொள்ளையிட்டது என்று அக் கல்வெட்டுக் கூறுகின்றது. போருக்குச் சென்ற தன் மகனை எண்ணிக் கலங்கிய எதிரிலிசோழச் சம்புவராயன், ஞானசிவதேவர் என்னும் பெரியாரை வேண்டி 28 நாள் வழிபாடு நடத்துவித்ததையும், வெற்றிச் செய்தி வந்ததும் அவ்வூரையே அவர்க்கு அளித்ததையும் அது பதிந்து வைத்துள்ளது. மகன் மீள்வானோ மாட்டானோ என்று நாளெண்ணிக் கிடந்த அத் தந்தையின் நெஞ்சம், சுருக்கி எழுதும் வரலாற்றில் எங்கே இடம்பெறுகின்றது?

சோழப்படை வென்றது. குலசேகரன் மீண்டும் மதுரையில் அமர்ந்தான். இலங்காபுரன் உள்ளிட்ட ஈழப் படைத்தலைவர்களின் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் தைக்கப்பட்டன. மயிலாடுதுறைப் பகுதியிலுள்ள பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு இதனை உரைக்கின்றது.

பாலி மொழியிலமைந்த சூளவமிசமோ, இலங்காபுரனின் வெற்றிகளை ஊர் ஊராக விரித்துரைக்கின்றது. வெற்றி நினைவாகப் பராக்கிரமபாகு ஓர் ஊரையே நிறுவினான் என்கின்றது. ஆனால் மதுரை வாயிலில் தைத்த தலைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தன் வேந்தன் வென்ற இடத்தோடு அது கதையை நிறுத்திக்கொண்டது. இதனைக் கேட்டதும், சிங்கள நூலின் ஒருசார்பைக் கண்டுகொண்டோம் என்று தமிழர் மகிழலாம். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு தமிழரும் கதையை நிறுத்திவிட்டால், சூளவமிசம் செய்ததையே தமிழரும் செய்தவராவர். ஏனெனில், கதை அங்கே முடியவில்லை.

கழற்றப்பட்ட தலைகள்

தோல்வியுற்ற பராக்கிரமபாகு மீண்டும் படையெடுக்கக் கருதி ஈழத்துத் துறைகளில் மரக்கலங்களை ஆயத்தம் செய்தான். அதனை அறிந்த சோழன் ஒரு வழி கண்டான். ஈழ அரசுரிமைக்குப் போட்டியிட்டுச் சோழநாட்டில் வந்து தங்கியிருந்த சீவல்லவன் என்பானைப் படையோடு ஈழத்துக்கு அனுப்பினான். அவன் வேறு யாருமல்லன், பராக்கிரமபாகுவின் மருமகனே. பாண்டியர் வீட்டுப் பூசலை ஈழவேந்தன் பயன்கொண்டான் எனின், ஈழத்து வீட்டுப் பூசலைச் சோழவேந்தன் பயன்கொண்டான். அப் படை ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய இடங்களை அழித்துத் திரும்பியது. இன்றைக்கு அப் பெயர்களைக் கேட்கும் தமிழர்க்கு அவை எவர் வாழும் மண் என்பது விளங்கும்.

அடுத்து நிகழ்ந்ததைத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு உரைக்கின்றது. படைவலியால் முடியாததைப் பரிசுகளால் முடிக்க முனைந்தான் பராக்கிரமபாகு. குலசேகரனையே மதுரை வேந்தனாக ஒப்புக்கொண்டு அவனுக்கு ஓலையும் பரிசிலும் விடுத்தான். எந்தச் சோழன் அரியணை மீட்டுத் தந்தானோ, அந்தச் சோழனை மறந்து குலசேகரன் ஈழவேந்தனோடு கைகோத்தான். சோழன்பால் அன்புடைய தலைவர்களை வெள்ளாற்றுக்கு வடக்கே துரத்தினான். அம்மட்டோ? மதுரை வாயிலில் தைத்திருந்த ஈழப் படைத்தலைவர்களின் தலைகளைக் கழற்றிவிடுமாறும் செய்தான்!

எவன் அரியணைக்காக அத் தலைகள் தைக்கப்பட்டனவோ, அவனே அவற்றைக் கழற்றினான். அவற்றைத் தைப்பதற்காக உயிர்நீத்த சோழநாட்டு இளைஞர்களின் தாயர் அதனைக் கேட்டு என்ன எண்ணியிருப்பர் என்று எந்தக் கல்லிலும் எழுதப்படவில்லை.

சோழன் இப்போது யாரை மதுரையில் அமர்த்தினான்? பழையனூருடையான் அம்மையப்பன் என்னும் அண்ணன் பல்லவராயனை ஏவி, வீரபாண்டியனை அமர்த்தினான். எந்த வீரபாண்டியன்? சிங்களப் படையால் முன்னர் முடிபெற்ற அதே வீரபாண்டியன்! ஈழவேந்தன் நட்டவனைச் சோழன் பிடுங்கினான். பின்னர்த் தானே நட்டான். சோழன் நட்டவனை ஈழவேந்தன் எதிர்த்தான். பின்னர்த் தானே தழுவிக்கொண்டான். பத்து ஆண்டுகட்குள் இரு கட்சிகளும் ஆள் மாற்றிக்கொண்டன.

இதனோடும் முடியவில்லை. 1178-இல் மூன்றாம் குலோத்துங்கன் சோழ அரியணை ஏறினான். அதே வீரபாண்டியன் இப்போது ஈழத்தோடு உறவுகொண்டான். குலோத்துங்கன் விக்கிரமபாண்டியன் என்பானுக்கு மதுரையைப் பெற்றுத் தந்தான். விக்கிரமனுக்குப் பின் வந்த சடையவர்மன் குலசேகரன் காலத்தில் சோழப்படை மீண்டும் மதுரை புகுந்து பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தது. 1216-இல் அரியணையேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன், சோழநாடு புகுந்து தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டிப் பழி தீர்த்தான். 1279-ஓடு சோழர் பேரரசு மறைந்தது. மதுரை வாயிலில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதற்கு இதுவே முழு விடை.

இனப்போர் என்னும் சுருக்கம்

இப் போரைத் தமிழர்-சிங்களவர் போர் என்று மட்டும் சொல்வோர்க்கு வேறு சில உண்மைகளும் தெரிதல் வேண்டும். பராக்கிரமபாகுவின் தந்தைவழிப் பாட்டன் ஒரு பாண்டிய இளவரசன். ஈழவேந்தன் முதலாம் விசயபாகுவின் உடன்பிறந்தாள் மித்தை அவ் விளவரசனை மணந்தாள். அவர்கள் மகன் மானாபரணன். மானாபரணன் மகனே பராக்கிரமபாகு. நயினாதீவில் அவனது கல்வெட்டு ஒன்று உள்ளது. அதன் மொழி தமிழ். ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகர்க்குக் காப்பளிக்க வேண்டுமென்றும், யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கே அரசுக்கு உரியது, மூன்று பங்கு உடையவனுக்கே உரியது என்றும், வாணிகப் பொருள் ஏற்றி வந்த கலமாயின் சரிபாதி என்றும் அது ஆணையிடுகின்றது. பொலன்னறுவையில் வேளைக்காரர் என்னும் தமிழ்ப் படையினர் புத்தரின் பல்லைப் போற்றிவைத்த கோயிலுக்குத் தாம் காவலென உறுதிகூறிப் பொறித்த தமிழ்க் கல்வெட்டும் உள்ளது. அவ் வேளைக்காரரே, முன்னர்ச் சோழரோடு பொருமாறு விசயபாகு ஏவியபோது அவனுக்கெதிராய்க் கிளர்ந்தெழுந்தவர்கள்.

இவற்றைக் கூறுவதால் அப் போரின் கொடுமை குறைந்துவிடாது. இராமேசுவரத்துக் கொள்ளை பொய்யன்று. சிறைப்பட்ட தமிழரைக் கொண்டு பாழ்பட்ட தூபியைப் பராக்கிரமபாகு செப்பனிடுவித்தான் என்று சூளவமிசமே பெருமையோடு கூறுகின்றது. அத் தமிழர் சிந்திய வியர்வையும் பொய்யன்று. கொடுமையைக் கொடுமை என்றே கூறுதல் வேண்டும். ஆனால், அது எப்படி நேர்ந்தது, எந்த வாயில் வழியாகப் புகுந்தது, அவ் வாயிலைத் திறந்து விட்டவர் யார் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். நோயை மட்டும் சொல்லி நோய்முதலைச் சொல்லாத மருத்துவனால் யாருக்கு என்ன பயன்?

சுருக்கத்தால் விளையும் கேடு

சுருக்கிச் சொல்லப்படும் வரலாறு மூன்று கேடுகளைச் செய்கின்றது.

முதலாவது, அது தன் தவற்றை மறைக்கின்றது. எல்லாத் தீங்கும் அயலானால் வந்தது என்று சொல்லிப் பழகிய இனம், தன் வீட்டுப் பூசலைத் தீர்க்க ஒருநாளும் முயலாது. குலசேகரனும் பராக்கிரமபாண்டியனும் ஓர் அவையில் அமர்ந்து தீர்த்திருக்க வேண்டிய உரிமைச் சிக்கல், ஒரு நூற்றாண்டுக்குள் மதுரையையும் தஞ்சையையும் மாறி மாறி எரியவைத்தது.

இரண்டாவது, அது வேந்தர் நலத்தை மக்கள் நலமாகக் காட்டுகின்றது. சோழன் தமிழினத்துக்காகப் போரிட்டானா? பாண்டியநாட்டில் தன்சொற் கேட்கும் ஒருவன் இருக்க வேண்டும் என்பதற்காகவே போரிட்டான். பராக்கிரமபாகுவும் அதற்காகவே போரிட்டான். இருவருக்கும் இடையே மிதிபட்டவர் தொண்டியிலும் மாதோட்டத்திலும் வாழ்ந்த எளிய மக்கள்.

மூன்றாவது, அது தமிழர் வழக்கின் வலிவைக் குறைக்கின்றது. தமிழர் உரிமைக் கோரிக்கை அறத்தின்மேல் நிற்பது, மொழியின்மேல் நிற்பது, தாம் வாழும் மண்ணின்மேல் நிற்பது. அதற்கு எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னைய ஒரு வெற்றியின் முட்டு வேண்டுவதில்லை. அரைகுறை வரலாற்றை அடித்தளமாக இட்டால், மாற்றான் ஒரே ஒரு கல்வெட்டைப் படித்துக் காட்டி அக் கட்டடத்தைச் சாய்த்துவிடுவான். அக் கல்வெட்டும் தமிழிலேயே இருக்கும் என்பதுதான் கொடுமை!

ஆகவே, தமிழிளைஞர்கள் கல்வெட்டுகளை மூலத்திலேயே படிக்கக் கற்றல் வேண்டும். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் போன்ற பெருமக்கள் கல்வெட்டுகளைக் கல்லிக் கல்லிச் சோழர் வரலாற்றைத் தமிழில் எழுதி வைத்துள்ளனர். அவற்றைப் படிப்போர், வென்ற இடத்தில் நூலை மூடிவிடலாகாது. அடுத்த பக்கத்தையும் புரட்டுதல் வேண்டும். பகைவன் எழுதிய நூலைத் தள்ளிவிடாமல், அது சொன்னதையும் சொல்லாததையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும். அதே உரைகல்லில் தம் முன்னோர் கல்வெட்டுகளையும் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

மதுரை வாயிலில் தைத்த தலைகளை மட்டும் பிள்ளைகட்குச் சொன்னால் அவர்களுக்குச் செருக்கு வளரும். அத் தலைகளைக் கழற்றிய கையையும் சேர்த்துச் சொன்னால் அவர்களுக்கு அறிவு வளரும். செருக்கு ஒரு கூட்டம் முடியும்வரை நிற்கும். அறிவோ ஓர் இனத்தை நிற்கவைக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க மெய்யறிவு!