அல்லியின் மறுப்பு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



படுவான்கரையில் வளர்ந்த எங்களுக்குக் கூத்துக்களரி புதிதல்ல. பழுகாமத்தில் களரியைச் சுற்றிப் பாய் விரித்து விடியவிடிய விழித்திருந்தவர்கள் நாங்கள். பெண் வேடத்தையும் ஆண்களே ஆடிய காலம் அது.

எங்கள் அம்மம்மாமாருக்கு அல்லி அரசாணி கதை மனப்பாடம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அதை மேடை நாடகமாகவும் எழுதினார். மதுரையை ஆளும் அல்லிக்குக் கலியாணம் வேண்டாம். அருச்சுனன் பாம்பு வடிவில் பள்ளியறைக்குள் நுழைந்து, அவள் உறங்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான். சபை சிரிக்கும். வள்ளிக்கோ யானையைக் காட்டிப் பயமுறுத்த வேண்டியிருந்தது. அல்லி ஏன் மறுத்தாள் என்று அந்தக் கதையில் யாரும் அவளிடம் உட்கார்ந்து கேட்பதில்லை. மறுப்பு என்றால் திமிர், திமிர் என்றால் அடக்க வேண்டியது. கதை அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் பாம்பும் வராது, யானையும் வராது. (யானை வரும், ஆனால் வயலுக்கு.) இங்கே வருவது வீடு. பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது மட்டக்களப்பாரின் பெருமை. தாய்வழி உரிமை நிலைத்த மண் இது, அதில் நல்லதும் உண்டு. ஆனால் காணி விற்று, கடன்பட்டு வீடு எழும்பிவிட்டால், "வீடு சும்மா கிடக்குது, பிள்ளையும் சும்மாதானே இருக்கிறா" என்று பேச்சுத் தொடங்கும். பிள்ளை சும்மா இல்லை, உயர்தரத்துக்கு இரண்டாந்தரம் படித்துக்கொண்டிருப்பாள். யுத்த காலத்தில் காரணம் வேறு. இயக்கத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்ற பயத்தில், புத்தகப்பையை வைத்த கையோடு தாலி கட்டுவித்த தாய்மார் இருந்தார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது?

பொது விவாகச் சட்டம் 1995இல் குறைந்த வயதை 18 ஆக்கியது. ஆனாலும் சட்டம் வயதைத்தான் பார்க்கும், சம்மதத்தின் பின்னாலுள்ள அழுகையைப் பார்க்காது. வைத்தியர்களாகிய எங்களிடம் அது தலையிடியாக, நித்திரையின்மையாக, சாப்பாடு இறங்காததாக வரும். தாய் பக்கத்தில் நின்று பதில் சொல்வார். தாயைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் பேசினால்தான், பெண் பார்க்க வந்த நாளும் வருத்தம் தொடங்கிய நாளும் ஒன்றென்று தெரியவரும்.

பழைய மாணவியரிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. கோயில் திருவிழாவில் ஒரு பிள்ளையைக் கண்டால் "எப்ப கலியாணம்?" என்பதற்கு முன் "என்ன படிக்கிறாய் மகள்?" என்று கேளுங்கள். அடுத்தது, விடியவிடிய ஆடிய கூத்துகள் இன்று ஒன்றிரண்டு மணித்தியாலமாகச் சுருங்கிவிட்டன. நமது மாணவியர் அல்லி கதையை ஆடும் நாளில் எதை வெட்டினாலும், அவள் சபையில் நின்று மறுக்கும் இடத்தை வெட்ட வேண்டாம் என்று அண்ணாவியாரிடம் சொல்லுங்கள். அந்த வேடத்துக்கு இனி ஆண்பிள்ளையைத் தேடவும் வேண்டியதில்லை.