சீட்டாட்டமும் சூதாட்ட இயந்திரமும்: அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் வழக்கு



சூது தீதென்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடலாம். ஆனால், நியாயம் வழங்க அமர்ந்தவர் இரு பக்கத்தையும் கேட்டல் வேண்டும். அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் வழக்கை நாம் அவ்வாறே நோக்குவோம்.

சுலவேசித் தீவின் மக்காசரிலிருந்து கடலட்டை தேடி வந்த மாலுமிகளே ஆர்ன்ஹெம் நிலத்திற்குச் சீட்டாட்டத்தைக் கொணர்ந்தனர் என ஆய்வாளர் கருதுவர். பிற்காலத்தில், வடபுல மாட்டுப் பண்ணைகளில் உழைத்த ஆதிக்குடிகளுக்கு நெடுங்காலம் கூலியாகக் கிடைத்தவை பெரும்பாலும் மாவும் தேயிலையும் சீனியும் புகையிலையுமே. சம ஊதியத் தீர்ப்பு 1966 இலேதான் வந்தது. நடைமுறைக்கு வந்ததோ 1968 இறுதியில்.

கைக்குப் பணம் வந்தது. வங்கியோ வெகு தொலைவில். மரநிழலில் வட்டமாக அமர்ந்து ஆடிய சீட்டு, ஓரளவுக்கு வங்கியின் வேலையைச் செய்தது. சிறுதொகைகள் ஒருவர் கையில் திரண்டன. ஒரு வாகனம் வாங்க முடிந்தது. வென்றவரிடம் உறவினர் கேட்டால் இல்லையெனல் வழக்கமன்று. பணம் ஊருக்குள்ளேயே சுழன்றது. கூடியிருந்து பேசிச் சிரிக்கவும் அந்த வட்டம் இடந்தந்தது.

ஆயின், தீமையை மறைத்தல் நேர்மையன்று. இரவிரவாக ஆட்டம் நடக்கும் வீட்டிற் பிள்ளை பசியோடு உறங்குகிறது. உணவுக்கு வைத்த பணம் போன பின் சச்சரவு எழுகிறது.

இயந்திரத்தின் கதை வேறு. அங்கே எதிரே அமர்ந்திருப்பவர் எவருமில்லை. பங்கு கேட்க உறவுமில்லை. டார்வினுக்கும் அலிஸ் ஸ்பிரிங்சுக்கும் வருபவர் தோற்கும் பணம் உரிமையாளருக்கும் அரசாங்க வரிக்கும் போகிறது, ஊருக்கு மீள்வதில்லை. நாடு முழுவதிலும் இவ்வியந்திரங்களிற் செலவாகும் பணத்தில் சுமார் 40 வீதம் சூதினால் அல்லலுறுவோருடையது என அவுஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2010 இல் மதிப்பிட்டது.

அரசு செய்தது என்ன? 2007 இல், பிள்ளைகளின் நலனைக் காரணங்காட்டி, வட பிரதேச ஆதிக்குடி ஊர்களில் உதவிப்பணத்தின் பாதியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்தது. அதன்பொருட்டு இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே இடைநிறுத்தியது! 2010 இலேதான் அதனை மீட்கச் சட்டமியற்றிற்று. இணையப் பந்தயக் கம்பனிகள் பல அனுமதிப்பத்திரம் பெற்றிருப்பதும் அதே வட பிரதேசத்திலேயே. பணத்தை உறிஞ்சும் வாயைத் திறந்துவிட்டு, இழப்பவனின் கையைக் கட்டுவது எந்த நீதி?

சீட்டு வட்டத்தின் நன்மையையும் தீமையையும் நிறுத்துப் பார்க்கத் தகுந்தவர் அவ்வூர்த் தாய்மாரும் முதியோருமே. இயந்திரத்திற்கு அனுமதி வழங்கு முன்னரும் அவர்களின் சொல்லையே கேட்டல் வேண்டும். தம் ஊரின் நலத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை இல்லாதவிடத்துத் தடையும் தண்டனையே என்பதே நம் முடிவு.