கடைசல் மெஷினும் என் கணக்கு நோட்டும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



மரக் கடைசல் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் ஆசாரி வீட்டுப் பெண் இல்லை. வைசியாள் வீதிப் பக்கம் போகும்போது பழைய வீட்டு மரத் தூண்களைப் பார்த்து, இவ்வளவு உருண்டையா எப்படிச் செய்தாங்க என்று வந்த ஆசைதான். குழுவில் 20,000 ரூபாய் கடன் கேட்டப்போ, "மாடு வாங்கக் கேளு, பொழுதுபோக்குக்கு யாரும்மா கடன் வாங்குவாங்க?" என்று கேட்ட அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க.

செலவைச் சொல்றேன். அரை ஹெச்.பி. மோட்டாரோடு பழைய கடைசல் மெஷின் 14,000. ஞாயிறு சந்தையில் காந்தி வீதியில் பழைய உளி நாலு 600. சாணை 1,800. கண்ணாடி, முகமூடி 350. ஆக 16,750. மீதி 3,250-இல் மரத்துண்டு, உப்புத்தாள், அரக்கு. சாணை எதுக்கு, வீண் செலவு என்று வீட்டுக்காரர் சொன்னார். மொக்கை உளி மரத்தைச் சீவாது, பிய்க்கும். கால் மணிக்கு ஒரு தரம் தீட்டணும். உளியை விடச் சாணைதான் முக்கியம்.

முதல் நஷ்டம் மரத்தால் வந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில் எங்க தோட்டத்து வேப்பமரம் சாய்ந்தது. இலவச மரம் என்று ஒரே மாசத்தில் அறுத்து 22 மத்து கடைந்தேன். விற்ற மத்து எல்லாம் வெடித்துத் திரும்பி வந்தது. பச்சை மரம் காயும்போது சுருங்கும், வெட்டின முனை சீக்கிரம் காய்வதால் அங்கேதான் முதலில் பிளக்கும். இப்ப முனையில் மெழுகு பூசி, நிழலில் அடுக்கி, வருஷக் கணக்கில் காய விடறேன். அதுவரைக்கும் தச்சுப் பட்டறையில் கழித்துப் போடும் காய்ந்த துண்டுதான்.

இரண்டாவது, சொல்லவே கை நடுங்குது. ஒரு நாள் முந்தானை சுத்துற மரத்தில் மாட்டிக்கிச்சு. விற்றவர் சுவிட்சை மெஷினுக்குப் பின்னாடி வைத்திருந்தார், எனக்கு எட்டலை. பையன் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினான். கழுத்தில் இன்னும் தழும்பு இருக்கு. மறுநாளே சுவிட்சை முன்னாடி, முழங்கால் தட்டினால் நிற்கிற மாதிரி மாற்றினேன். துப்பட்டா இல்லாமல் சுடிதார், வளையல் கழற்றி, முடியைக் கொண்டை போட்டு, அப்புறம்தான் மெஷின் பக்கம் போவேன். கையுறையும் போடக்கூடாது, அதையும் இழுத்துக்கும்.

விலை விஷயத்திலும் ஏமாந்தேன். மத்து 60-க்கு விற்றேன். மரம், உப்புத்தாள், எண்ணெய், கரண்ட் எல்லாம் 35. லாபம் 25 என்று சந்தோஷப்பட்டேன். ஒரு மத்துக்கு ஒரு மணி நேரம். அப்ப என் கூலி மணிக்கு 25 ரூபாய்!

அப்புறம் செப்புச் சாமானுக்கு மாறினேன். அம்பாசமுத்திரத்தில் குழந்தைகளுக்கு அடுப்பு, குடம், சட்டி கடைவாங்களே, அதுதான். சின்னத் துண்டே போதும். சுத்தும்போது அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்கிற சூட்டிலேயே உருகிப் பிடிக்கும். கர்நாடகா சென்னபட்டணத்திலும் இப்படித்தான் நிறம் ஏற்றுறாங்க. ஒரு செட்டுக்கு மரம் 30, அரக்கு 40, உப்புத்தாள் 20, கரண்ட் 10. நாலு மணி நேர வேலை. 350-க்கு விற்கிறேன். மணிக்கு 62 ரூபாய் சொச்சம்.

ஆனா ஒன்று. பொம்மைக்கு 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்றால் விலக்கு உண்டு. இது தெரியாமல் நான் ஆறு மாசம் விற்றேன். ஒரு கடைக்காரர் அட்டை கேட்டப்போதான் ஓடினேன். பொம்மை செய்கிற சகோதரிகள் முதலில் அந்த அட்டையை வாங்கிடுங்க.

கடனில் 12 தவணை கட்டியாச்சு, 8 பாக்கி. கேள்வி கேட்ட அக்கா பேத்திக்கு ஒரு செட் வாங்கினாங்க. காசு கொடுத்துத்தான் வாங்கினாங்க, கணக்கு நோட்டில் இருக்கு.