இணையத்தில் கூடிப் படிக்கலாமா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரை)



எஸ்பிஎம் தேர்வெழுதும் பிள்ளைகளின் கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைக்க வேண்டும் என்றார் எனக்கு முன் பேசியவர். பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒரு டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம். அந்தக் கூட்டத்தில் என்ன படிப்பு நடக்கும்? ஒருவர் விடைத்தாளை அனுப்புவார்; மற்றவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு, படித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். தேர்வு நெருங்கும்போது, கசிந்த வினாத்தாள் இருக்கிறது என்று சொல்லிக் காசு பறிப்பவர்களும் அங்கேதான் வருகிறார்கள்.

நான்கைந்து நண்பர்கள் சேர்ந்த சிறு குழு வேறு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டதையும், அவ்வாண்டின் எஸ்பிஎம் தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் பல பிள்ளைகளுக்கு வகுப்புத் தோழன் என்றாலே புலனத்தில் வந்த குரல்தான்.

ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதற்கு ஒரு கணக்கே போட்டிருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம்! 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்தும் பாடம் அதிகம் நினைவிருந்தது.

வரலாற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 2013 முதல் அதில் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் அதை மலாயில் எழுத வேண்டும். செய்தி தெரியும், வாக்கியம் வராது. இங்கேதான் குழு உதவுகிறது. 1946-இல் மலாயன் யூனியனை மலாய்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று ஒருத்தி தமிழில் சொல்லட்டும். சுல்தான்களின் அதிகாரம் பறிபோனது, குடியுரிமை தளர்த்தப்பட்டது என்று அவள் சொன்னதை, அடுத்தவன் புத்தகம் பாராமல் மலாயில் சொல்லட்டும். மூன்றாமவள் குறுக்கே கேள்வி கேட்கட்டும். பதில் தெரியாமல் விழிக்கும் இடம் எதுவோ, அன்றிரவு படிக்க வேண்டிய பக்கம் அது.

கேமராவைத் திறந்துவைத்துப் பேசாமல் படிக்கும் குழுக்களும் உண்டு. தூக்கத்தை விரட்ட உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டில் ஒரே கைப்பேசிதான், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தால்தான் கிடைக்கும் என்கிற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அங்கே நேரலைச் சந்திப்பு நடக்காது. மூன்று நிமிடக் குரல் பதிவு போதும். கிடைத்த நேரத்தில் கேட்டுப் பதில் அனுப்பலாம். குழு அமைக்கும் பிள்ளைகள் அந்த நண்பனையும் கணக்கில் வைத்து நேரத்தை முடிவு செய்யுங்கள்.

பெற்றோர்களே, இரவில் அறைக்குள் பேச்சுச் சத்தம் கேட்டால் உடனே கைப்பேசியைப் பிடுங்கிவிடாதீர்கள். கொஞ்சம் காது கொடுங்கள். மலாயன் யூனியன் என்ற பெயர் காதில் விழுந்தால், ஒரு குவளை மைலோ கலக்கி வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.