ஆறு ஆறு: இங்கிலிஷுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கெல்ட் மொழி

ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர் பேர் ஸ்கூல்லயே படிச்சிருப்போம்: ஸ்ட்ராட்ஃபோர்டு அபான் ஏவான். ஏவான்ங்கிறது அந்த ஊர்ல ஓடுற ஆறு. ஆனா வேல்ஸ்காரங்க பேசுற வெல்ஷ் மொழியில 'அவோன்'னாலே ஆறுன்னுதான் அர்த்தம். அப்போ 'ரிவர் ஏவான்'னா ஆறு ஆறு! நம்ம ஊரு 'நடு சென்டர்' கதைதான்.

5ஆம் நூற்றாண்டுல ஆங்கிலோ-சாக்சன் கூட்டம் கடல் தாண்டி பிரிட்டனுக்கு வருது. அங்க ஏற்கனவே வாழ்ந்தவங்க பேசினது கெல்ட் மொழி. வந்தவங்க தண்ணியைக் காட்டி "இது என்ன?"ன்னு கேட்க, அவங்க "ஆறு"ன்னு சொல்ல, இவங்க அதையே பேரா வச்சுக்கிட்டாங்கன்னு நான் கற்பனை பண்ணிக்கிறேன்.

லங்காஷயர்ல இருக்கிற பெண்டில் ஹில் இன்னும் மோசம். 'பென்'னா கெல்ட்ல மலை. அதோட பழைய இங்கிலிஷ் 'ஹில்' ஒட்டி பெண்டில் ஆச்சு. அப்புறம் அர்த்தம் மறந்துபோய் இன்னொரு ஹில்லும் சேர்த்துட்டாங்க. மலை மலை மலை.

கென்ட், டோவர், டெவன்னு ஊர்ப் பேர்ல கெல்ட் நிறைய தங்கிடுச்சு. ஆனா அன்னைக்கு தினசரி பேச்சுக்குள்ள போனது விரல் விட்டு எண்ணுற அளவுதான். பாறை மேட்டுக்கு 'டோர்', பள்ளத்தாக்குக்கு 'கூம்', பேட்ஜருக்கு 'ப்ராக்'. இதுல எதையாவது நீங்க ஆபீஸ் மெயில்ல பார்த்திருக்கீங்களா?

லத்தீன் கதையே வேற. ஆங்கிலோ-சாக்சன்கள் பிரிட்டன் வர்றதுக்கு முன்னாடியே ரோமானியர்களோட வியாபாரத்துல பழகினவங்க. வைன், சீஸ், மைல் எல்லாம் அப்பவே வந்தாச்சு. கல் பாவின ரோட்டுக்கு லத்தீன்ல 'ஸ்ட்ராட்டா', அதுதான் ஸ்ட்ரீட். 597ல கிறிஸ்தவ மிஷன் கென்ட்ல வந்து இறங்கின பிறகு கேண்டில், ஆல்டர் மாதிரி சர்ச் வார்த்தைகளும் வேரூன்றுது. ரோம்கிட்ட சரக்கு இருந்துச்சு, படிப்பு இருந்துச்சு. பக்கத்து வீட்டு கெல்ட்காரன்கிட்ட கத்துக்க ஒண்ணுமில்லைன்னு நினைச்சிருக்காங்க.

அந்த நினைப்பு பேர்லயே தெரியுது. 'வேல்ஸ்' வந்தது பழைய இங்கிலிஷ்ல வெளியாள்னு அர்த்தம் தர்ற ஒரு வார்த்தையில இருந்து. வால்நட்ல இருக்கிற 'வால்'லும் அதேதான். பின்னாடி அந்த வார்த்தைக்கு அடிமைன்னும் அர்த்தம் வந்துச்சு. நேத்து வந்தவன், காலங்காலமா இருந்தவனைப் பார்த்து வெளியாள்ங்கிறான்! வெல்ஷ் மக்கள் தங்களைச் சொல்லிக்கிறது 'கம்ரி'. ஒரே மண்ணைச் சேர்ந்தவங்கன்னு அர்த்தம்.

ஒரு ட்விஸ்ட் இருக்கு. "டூ யூ லைக் இட்?"ல அந்த 'டூ' எதுக்கு? இங்கிலிஷோட சொந்தக்கார மொழியான ஜெர்மன்ல அப்படிக் கேட்க மாட்டாங்க. வெல்ஷ்லயும் கார்னிஷ்லயும் இதே மாதிரி அமைப்பு இருக்கு, அங்கிருந்துதான் வந்துச்சுன்னு ஜான் மெக்வோர்ட்டர் 2008ல ஒரு புக்ல வாதாடினார். எல்லாரும் ஒத்துக்கல. எழுத்துல இந்த 'டூ' தலைகாட்டுறதே பல நூற்றாண்டு கழிச்சுதான். அவர் சொல்றது சரியா இருக்கணும்னு எனக்கு ஆசை, ஆனா ஆதாரம் பத்தல.

கடைசியா, அந்த ஸ்ட்ராட்ஃபோர்டைத் திரும்ப உடைச்சுப் பாருங்க. 'ஸ்ட்ராட்' லத்தீன் ரோடு, 'ஃபோர்டு' இங்கிலிஷ்ல ஆத்தை நடந்து கடக்கிற இடம், 'ஏவான்' கெல்ட் ஆறு. மூணு பேரும் ஒரே போர்டுல. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.