இட்ட பெயரும் ஈட்டிய பெயரும்

(மகாவீர ஜயந்தி விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி வாழ்க! 

மனிதன் இவ்வுலகிற்கு வெறுங்கையோடு வருகிறான். பிறந்த பின் பிறர் அவனுக்கென்று அளிக்கும் முதல் உடைமை பெயர். பொருள் கைமாறும், இளமை நீங்கும், உடலும் ஒருநாள் வீழும். அதன் பின்னும் சில காலம் மக்கள் நாவில் தங்குவது பெயர் ஒன்றே. ஆயினும் அப்பெயரை அவன் தேடிப் பெறவில்லை. தொட்டிலில் கிடந்தபோது பெற்றோர் இட்டனர். அங்ஙனம் இடப்பட்ட பெயருக்கும் அதைத் தாங்குவோனுக்கும் உள்ள உறவு யாது? இவ்வினாவைச் சமண ஆசிரியர்கள் நுட்பமாக ஆராய்ந்துள்ளனர்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் எனப் பகுத்துக் காட்டினார். மரம் என்பது இடுகுறி. பறத்தலால் பறவை என்பது காரணம். பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த இவ்விலக்கணத்தை வகுத்தவர் ஒரு சமண முனிவர் என்பது நினைவிற்குரியது.

அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அதிகாரத்தில், ஒரு பொருளைக் குறிக்கும் வழிகள் நான்கு என்றார். அவை நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என்பன. குணத்தை நோக்காது வழங்குவதற்காக மட்டும் இடும் பெயர் நாமம். உருவம் முதலியவற்றில் 'இது அவரே' என நிறுவிக் கொள்வது ஸ்தாபனை. முன்னர் இருந்த நிலையையோ, இனி வரப்போகும் நிலையையோ கருதி அழைப்பது திரவியம். அந்நிலையிலேயே இப்பொழுது நிற்பவனை அப்பெயரால் அழைப்பது பாவம்.

ஒரு குழந்தைக்கு 'ஜினதாசன்' எனப் பெயரிடுகிறார்கள் எனக் கொள்வோர், அன்று அது நாமம் மட்டுமே என்பதை உணர வேண்டும். ஜினனுக்கு அடியவன் என்னும் பொருளை அக்குழந்தை அறியாது. பின்னாளில் கொல்லாமையும் வாய்மையும் பேணி வாழ்ந்தால் அந்நாமம் பாவம் ஆகிறது. இட்ட பெயர் அன்றுதான் ஈட்டிய பெயராகிறது. நாமத்திற்கும் பாவத்திற்கும் இடையே உள்ள தொலைவே ஒரு மனிதன் கடக்க வேண்டிய வாழ்க்கைப் பயணம்.

இத்தொலைவு முற்றிலும் அற்றவர்கள் தீர்த்தங்கரர்கள். அதனாலேயே அவர்தம் திருநாமங்களைப் பொருளோடு பொருந்திய பெயர்கள், அதாவது 'அன்வர்த்த' நாமங்கள் எனப் பெரியோர் போற்றினர்.

முதல் தீர்த்தங்கரரின் திருநாமம் விருஷபர். 'விருஷம்' என்னும் வடசொல் காளையையும் அறத்தையும் குறிக்கும். ஜினசேன ஆசாரியர் இயற்றிய ஆதிபுராணம், அறத்தால் விளங்குபவர் என்னும் பொருளில் இந்திரன் அவருக்கு இப்பெயர் சூட்டினான் என உரைக்கிறது. அன்னை மருதேவி கண்ட கனவில் காளையும் தோன்றியது. அதுவே அவரது இலாஞ்சனமாகவும் உள்ளது. அது பிறப்போடு வந்த பெயர். அவர் செயலோடு வந்த பெயர் ஒன்றும் உண்டு. கற்பகத் தருக்கள் மறைந்து மக்கள் பசியால் கலங்கிய காலத்தில், கரும்பின் சாற்றைப் பிழிந்து கொள்ளும் முறையை அவர் கற்பித்தார். 'இக்ஷு' என்றால் கரும்பு. ஆகவே அவர் இக்ஷ்வாகு எனப்பட்டார். ஓர் அரசகுலமே பெருமையோடு தாங்கிய பெயர், பசித்தவர்க்கு வழிகாட்டிய செயலிலிருந்து பிறந்தது என்று ஆதிபுராணம் காட்டுவது எண்ணி மகிழத் தக்கது.

காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு போற்றும் சமந்தபத்திர ஆசாரியர், சுயம்பூ ஸ்தோத்திரத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் துதிக்கும்போது பல திருநாமங்களின் பொருளை விரித்துரைக்கிறார். அஜிதர் பிறந்தபின் அவர்தம் சுற்றத்தார் விளையாட்டிலும் தோல்வி காணாதவராயினர். ஆதலின் 'வெல்லப்படாதவர்' என்னும் பெயர் பொருந்தியது என்பது அவர் தரும் விளக்கம். நன்மதி என்னும் பொருளுடைய சுமதிநாதரை, பொருள் பொருந்திய பெயரினர் என வெளிப்படையாகவே புகழ்கிறார். சீதளர் என்றால் குளிர்ந்தவர். சந்தனமும் நிலவொளியும் கங்கை நீரும் முத்துமாலையும் தரவியலாத குளிர்ச்சியை அவருடைய அறவுரை தந்தது என்கிறார். சாந்திநாதரைக் கூறுமிடத்தில் ஆசாரியர் காட்டும் வரிசை முறை ஊன்றி நோக்கத் தக்கது. அவர் முதலில் தம் குற்றங்களைத் தணித்துத் தமக்கு அமைதி தேடிக்கொண்டார். அதன் பின்னரே அடைக்கலம் புகுந்தோர்க்கு அமைதி அருள்பவரானார். பெயரின் பொருள் முதலில் தன்னிடம் விளைந்தாலன்றிப் பிறர்க்குப் பயன்படாது என்பது இதனால் தெளிவாகிறது.

இவ்விழாவின் நாயகராகிய வர்த்தமான சுவாமிக்கு ஐந்து திருநாமங்கள் வழங்குகின்றன. ஜினசேனரின் மாணாக்கர் குணபத்திர ஆசாரியர் இயற்றிய உத்தரபுராணம் அவற்றின் வரலாற்றைக் கூறுகிறது. பிறப்பு அபிஷேகத்தின்போது இந்திரன் இட்ட பெயர்கள் இரண்டு: வீரர், வர்த்தமானர். வர்த்தமானர் என்றால் வளர்பவர்.

ஏனைய மூன்றும் பின்னர் வந்தவை. சஞ்சயர், விஜயர் என்னும் சாரண முனிவர் இருவர்க்குத் தத்துவப் பொருளில் ஓர் ஐயம் இருந்தது. குழந்தையைக் கண்ட அளவிலேயே அது நீங்கியது. அவர்கள் அளித்த பெயர் சன்மதி. சிறுவனாக மரமேறி விளையாடிய காலத்தில் சங்கமன் என்னும் தேவன் பெரும்பாம்பின் உருவில் மரத்தைச் சுற்றிக் கொண்டான். உடனாடிய சிறுவர்கள் அஞ்சி ஓட, வர்த்தமானர் அஞ்சாது பாம்போடு விளையாடி இறங்கினார். தேவன் வணங்கி மகாவீரர் என்றான். துறவு பூண்டபின் உஜ்ஜயினியில் அதிமுக்தம் என்னும் சுடுகாட்டில் தியானத்தில் நின்றபோது உருத்திரன் ஒருவன் இரவெல்லாம் துன்புறுத்திச் சோதித்தான். அவர் அசையவில்லை. சோதித்தவனே தோற்று, அதிவீரர் என்னும் பெயரைச் சொல்லித் துதித்தான்.

இப்பெயர்களை வரிசைப்படுத்திக் காண்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். வீரர் என்பது இட்ட பெயர். மகாவீரர், அதிவீரர் என்பன அச்சத்தையும் துன்பத்தையும் வென்று ஈட்டிய பெயர்கள். அவ்வெற்றியில் எவ்வுயிரும் புண்படவில்லை. உலகம் வீரன் என்று சொல்லும்போது வாளை நினைக்கிறது. சமணம் அதே சொல்லைச் சொல்லும்போது தன்னை வென்றவரை நினைக்கிறது. ஜினர் என்னும் சொல்லுக்கும் வென்றவர் என்பதே பொருள்.

பெண்மக்களின் பெயரும் இவ்வரலாற்றில் ஒளி வீசுகின்றது. விருஷபதேவர் தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது மரபு. எழுத்து வடிவம் ஒன்று பிராமி என்றே பெயர் பெற்றது. கல்வி மகளிர்க்கு உரியதன்று என்று கூறுவோர் எக்காலத்தில் தோன்றினாலும், அவர்க்கு விடையாக அப்பெயர் நிற்கும். கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரவரோடு குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருப்பது அம்மரபு தமிழகத்தில் தழைத்தமைக்குச் சான்று.

தமிழில் தோன்றிய சமண காவியங்களும் பெயரின் பொருளைக் கருத்தோடு கையாளுகின்றன. திருத்தக்கதேவரின் சிந்தாமணியில் சச்சந்தன் போரில் வீழ, மயிற்பொறியில் தப்பிய விசயை சுடுகாட்டில் மகனைப் பெறுகிறாள். அரசமகனுக்கு அங்கே அரண்மனையும் இல்லை. மங்கல முரசும் இல்லை. வணிகன் கந்துக்கடன் குழந்தையை எடுத்தபோது அது தும்மியது. 'சீவ' என்று ஒரு வாழ்த்துரை எழுந்தது. வாழ்க என்பது அதன் பொருள். சீவகன் என்னும் பெயர் அவ்வாழ்த்திலிருந்து பிறந்தது. இறந்தோர்க்குரிய இடத்தில் 'வாழ்க' என ஒலித்த சொல்லே ஒரு பெருங்காவியத் தலைவனின் பெயராயிற்று. பெயரிடுதல் என்பது அடிப்படையில் ஒரு வாழ்த்து என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

வாழ்த்தினாலேயே வாழ்வு சிறந்துவிடுமா? யசோதர காவியம் இதற்கு விடை கூறுகிறது. அரசன் யசோதரனின் தேவி பெயர் அமிர்தமதி. அமுதம் போன்ற உள்ளத்தினள் என்பது பொருள். அவள் கையாலேயே கணவனும் மாமியும் நஞ்சுண்டு மாண்டனர். யசோதரன் என்றால் புகழைத் தாங்குபவன். அவனோ தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். உயிரற்ற மாவாயினும் கொல்லும் எண்ணம் கொலையே ஆதலின், தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். அவர்தம் நற்பெயர்கள் அவர்களைக் காக்கவில்லை.

பல பிறவி கடந்து அவ்விருவரும் மனிதப் பிறவியில் இரட்டையராகத் தோன்றினர். அப்போது அவர்கள் பெயர் அபயருசி, அபயமதி. 'அபயம்' என்பது அச்சமின்மை; அச்சமின்றிக் காக்கும் அருளும் அதுவே. இளந்துறவியராகிய அவர்களைப் பலியிடுவதற்காக அரசன் மாரிதத்தன் முன் கொண்டுவந்து நிறுத்தினர். ஓங்கிய வாளின் கீழ் அவர்கள் அஞ்சவில்லை; தங்கள் பழம்பிறப்பின் கதையை உரைத்தனர். கேட்ட அரசன் கொலைத்தொழிலைக் கைவிட்டான். அஞ்சாதிருந்ததால் ஒரு பொருளும், பலிக்கென நின்ற பிற உயிர்களுக்கு அச்சம் நீக்கியதால் மற்றொரு பொருளும் அப்பெயரில் நிறைவேறின. மாரியால் தரப்பட்டவன் என்னும் பொருளுடைய அம்மன்னன் திருத்தியது தன் பெயரை அன்று. தன்னையே திருத்திக் கொண்டான்.

இக்காலத்துப் பெற்றோர் சிந்திக்க வேண்டிய இடம் இது. எழுத்துகளைக் கூட்டிக் கழித்து, எண்ணிற்கேற்பப் பெயரை நீட்டியும் குறுக்கியும் எழுதினால் நலம் விளையும் என்னும் நம்பிக்கை சமணர் இல்லங்களிலும் நுழைந்துள்ளது. பெற்றோரின் அன்பே அதற்குக் காரணம். அதனைப் பழித்தல் தகாது. ஆயினும் வினைக்கொள்கை கூறுவது வேறு. உயிரைப் பிணிப்பது அதன் எண்ணமும் சொல்லும் செயலும்; விடுவிப்பதும் அவற்றின் தூய்மையே. எழுத்தொன்றைக் கூட்டினால் வினை குறையுமாயின், தீர்த்தங்கரர்கள் தவம் செய்திருக்க வேண்டிய தேவை இல்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. வடமொழியிலும் பிராகிருதத்திலும் பிறந்த திருநாமங்களைத் தமிழ்ச் சமணர் தம் நாவிற்கேற்பத் தமிழாக்கிக் கொண்டனர். வஜ்ரநந்தி வச்சணந்தி ஆனார். குணவீர பண்டிதர் தம் ஆசிரியர் பெயரால் வச்சணந்திமாலை என்றும், மயிலாபுரியில் எழுந்தருளியிருந்த நேமிநாதர் பெயரால் நேமிநாதம் என்றும் இலக்கண நூல்கள் செய்தார். அச்சணந்தி முனிவர் பெயரை மதுரை ஆனைமலையும் ஐவர்மலையும் இன்றும் கல்லில் தாங்கி நிற்கின்றன. திருநறுங்கொண்டைப் பார்சுவநாதர் அப்பாண்டைநாதர் எனப்படுகிறார்; அப்பெயரைத் தாங்கிய மைந்தர் பல ஊர்களில் உள்ளனர். உடையாலும் மொழியாலும் அண்டை அயலாரினின்று வேறுபடாத சிறு சமுதாயத்தின் வரலாற்றை, வீட்டு வாயிலில் ஒலிக்கும் இத்தகைய பெயர்கள் காத்து வந்துள்ளன. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் பெயரன் என்று தமிழ் வழங்குவதும் இத்தொடர்ச்சியைக் கருதியே.

அத்தொடர்ச்சி அறுவது புதிய பெயர் சூட்டுவதனால் மட்டும் அன்று. பழைய பெயரைச் சூட்டியும் அதன் பொருளைச் சொல்லாது விடுவதனாலும் அது அறும். 'உன் பெயருக்கு என்ன பொருள்?' எனப் பள்ளித் தோழன் கேட்கும்போது நேமிநாதன் என்னும் சிறுவன் விடையறியாது நிற்பானாயின், குறை அச்சிறுவனுடையது அன்று. நேமி என்பது சக்கரத்தின் விளிம்பு. அறச்சக்கரம் சிதையாது காக்கும் விளிம்பு போன்றவர் அப்பெருமான் என்று இல்லத்தில் ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். தான் காக்க வேண்டியது ஒன்று உண்டு என்னும் உணர்வு அப்பெயரோடு அவனுள் வளர்ந்திருக்கும்.

ஆகவே பெயர் சூட்டும் நாளில் தொட்டிலருகே குழந்தையின் செவியில் மூன்று முறை பெயரைச் சொல்லும் பெரியோர், அது விவரம் அறியும் பருவத்தில் நான்காம் முறையாக அதன் பொருளைச் சொல்லுதல் வேண்டும். முன்னது பெற்றோர் குழந்தைக்கு இடும் பெயர். பின்னது அக்குழந்தை தன் வாழ்நாளெல்லாம் ஈட்ட வேண்டிய பெயர். வர்த்தமானராகத் தொட்டிலில் கிடந்தவர் மகாவீரராக உலகில் விளங்கிய வரலாறு, இல்லந்தோறும் சிறு அளவிலேனும் நிகழ்வதாகுக.

அறம் வளர்க! அருளாட்சி ஓங்குக!