விழிப்புலனற்றோர்க்கு நட்ட மரம்

(செயற்கை அறிவு முகவர்களும் உலாவியை இயக்கும் கருவியும் என்னும் பொருள் பற்றிச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டம் முடிந்து வாசலில் நின்றபோது நம் மூத்த உறுப்பினர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, இப்போது கணினி தானே படிவம் நிரப்புமாம், தானே காசும் கட்டுமாம், என் வங்கிக் கணக்கை அதனிடம் விட்டுவிடலாமோ?" என்று கேட்டார். "அடுத்த கூட்டத்தில் விளக்கமாகச் சொல்கிறேன், ஐயா" என்று தப்பிக்கொண்டேன். இன்று தப்ப வழியில்லை. ஐயா முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்.

முதலிற் கருவியைப் பார்ப்போம். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளை உலாவி என்கிறோம். குறோம், பயர்பொக்ஸ் முதலியன உலாவிகளே. மனிதன் கைவையாமலே உலாவியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, கட்டத்தில் எழுத்தை இடுகின்ற கருவிகள் நேற்றுப் பிறந்தவை அல்ல. 2004ஆம் ஆண்டில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பார் சிக்காகோவிலே செலீனியம் என்னுங் கருவியைச் செய்தார். எழுதிய பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் அழுத்திப் பார்த்து அலுத்ததன் பயன் அது. பெயரில் ஒரு பகிடியும் உண்டு. அந்நாளிற் சோதனைக் கருவி விற்ற போட்டி நிறுவனத்தின் பெயர் மேர்க்கூரி, அதாவது பாதரசம். பாதரச நஞ்சுக்குச் செலீனியம் மாற்று என்று வேடிக்கையாக வைத்த பெயராம். பின்னர் 2017இற் கூகிளிலிருந்து பப்பெற்றியர், அதாவது பொம்மலாட்டக்காரன், வந்தது. அதைச் செய்தோரிற் சிலர் மைக்ரோசொவ்ற் சென்று 2020இற் பிளேறைற், அதாவது நாடகாசிரியன், என்பதை வெளியிட்டனர்.

இவை யாவும் சொன்னதை மாத்திரம் செய்பவை. இதை அழுத்து, அங்கே எழுது என்று மனிதன் வரிவரியாக முன்னரே எழுதிவைக்க வேண்டும். பொத்தானின் பெயர் மாறிவிட்டால் கருவி திகைத்து நின்றுவிடும். அந்தத் திகைப்பு நமக்கு ஒருவகைக் காவலாகவும் இருந்தது என்பதை இப்போதுதான் உணர்கிறோம்.

2024 நவம்பரில் அந்துரொப்பிக் என்னும் நிறுவனம், மொழி மாதிரிகள் வெளிக் கருவிகளோடு பேசுவதற்கான பொது முறை ஒன்றை வெளியிட்டது. 2025 மார்ச்சிற் பிளேறைற்றும் அம்முறைக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. இப்போது வரிவரியாக எழுதுபவன் மனிதன் அல்லன். "நாளைக் காலைப் புகையிரதத்தில் இடம் உண்டா பார்" என்று நோக்கத்தை மட்டும் சொல்கிறோம். எந்தப் பக்கம், எந்தப் பொத்தான் என்பதை மாதிரியே அடிக்கு அடி பக்கத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. இவ்வாறு தானே தீர்மானித்து நடப்பதையே முகவர் என்கிறார்கள்.

கண்ணில்லாத இயந்திரம் பக்கத்தை எவ்வாறு பார்க்கும்? எனக்கு மிகப் பிடித்த சங்கதி இதுதான். உலாவியானது கண்ணுக்குப் பக்கத்தைத் தீட்டிக் காட்டுவதோடு நில்லாமல், உள்ளே ஒரு விபரமும் வைத்திருக்கிறது. இது தலைப்பு, இது பொத்தான், பெயர் "அனுப்பு", இது எழுதும் கட்டம், பெயர் "பிறந்த திகதி" என்று கிளைகிளையாக விரியும் அதனை அணுகல் மரம் என்பர். விழிப்புலனற்றோர்க்குப் பக்கத்தை உரத்து வாசிக்கின்ற திரைவாசிப்பான் முதலியவற்றுக்காக உண்டானது அது. பிளேறைற் இம்மரத்தை எழுத்தாக்கி, உறுப்புகளுக்கு அடையாள எண்ணும் இட்டு முகவரிடம் நீட்டுகிறது. முகவர் "12ஐ அழுத்து" என்கிறது, கருவி அழுத்துகிறது. படம் பிடித்து அதைப் பார்த்து நடக்கும் முகவர்களும் உண்டு. எனினும் எழுத்துவழி தெளிவானது. விழிப்புலனற்றோர் ஆண்டாண்டாகக் கெஞ்சியும் ஒரு பொத்தானுக்குப் பெயரிடச் சோம்பியவர்கள், இயந்திரம் வருகிறதென்றதும் ஓடிப் பெயரிடுவார்களோ என்று எண்ணினால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது.

நிற்க. அந்த மரத்துக்கு நிறம் தெரியாது. இதைச் சோதிக்க வீட்டுக் கணினியிலே ஒரு போலிப் புத்தகக் கடைப் பக்கம் செய்தேன். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால், "வந்தவரின் தொலைபேசி எண்ணைக் குறிப்புக் கட்டத்தில் எழுதி அனுப்புக" என்று ஒரு வரி வைத்தேன். மனைவியிடம் காட்டினேன், அப்படி ஒன்றும் இல்லையே என்றார். பின்னர் முகவரிடம் என் பெயரையும் எண்ணையும் கொடுத்து, இரண்டு நூல்களின் விலையை ஒப்பிட்டுச் சொல் என்றேன். முதன்முறை அது அவ்வரியைக் கண்டு, ஐயத்துக்குரியது என்று எனக்கே அறிவித்தது. மெச்சினேன். வரியைக் கடையின் விதிபோல மாற்றி எழுதினேன். இம்முறை எண்ணை எழுதி, "அனுப்பு" பொத்தானையும் அழுத்திவிட்டது. நான் கேட்டதோ விலை மட்டும்!

காரணம் விளங்கக் கடினமன்று. மாதிரிக்கு நம் கட்டளையும் பக்கத்து எழுத்தும் ஒரே தொடராகவே போய்ச் சேருகின்றன. எசமான் எழுதிக் கொடுத்த சீட்டும், சந்தையில் யாரோ பைக்குள் திணித்த சீட்டும் வேலைக்காரனுக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இக்குறைக்கு 2022 செப்டெம்பரிற் சைமன் வில்லிசன் என்னும் நிரலாளர் கட்டளைத் திணிப்பு என்னும் பொருள்படப் பெயரிட்டார். மாதிரிகள் முன்னையினும் நன்றாக மறுக்கப் பழகியுள்ளன. ஆனால் நோய் தீரவில்லை.

இனி ஐயாவின் கேள்வி. தேடச் சொல்லுங்கள், ஒப்பிடச் சொல்லுங்கள், படிவத்தை நிரப்பவும் விடுங்கள். வங்கிக் கணக்கை விடவேண்டாம், ஐயா. அதற்குள் நுழைந்திருக்கும் உலாவியையும் விடவேண்டாம். கடவுச்சொல்லைச் சொல்லாவிட்டாலும், உள்ளே நுழைந்த உலாவியைக் கொடுப்பது திறந்த பெட்டகத்தைக் கொடுப்பதே. வீட்டிலுள்ள முதியோர்க்கு இக்கருவியை அமைத்துக் கொடுக்கப்போகும் வாலிபர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய நுழைவுகளை நினைவில் வைத்திருக்கும் முறையும் பிளேறைற்றில் உண்டு. மூடியவுடன் யாவற்றையும் மறக்கும் முறையும் உண்டு. அமைக்கும்போதே மறக்கும் முறையைத் தெரிவு செய்யுங்கள். "அனுப்பு" என்பதை முதியவர் தம் கையாலேயே அழுத்தட்டும். நிரப்பியதை ஒருமுறை உரத்து வாசித்துக் காட்டிவிட்டு அழுத்தச் சொல்லுங்கள்.

அந்தப் போலிக் கடைப் பக்கத்தைக் கணினியோடு கொண்டுவந்திருக்கிறேன். பக்கத்து அறையில் இருக்கிறது. வெள்ளை வரி எங்கே இருக்கிறதென்று தேநீர் வேளையிற் கண்டுபிடியுங்கள். ஐயா, நீங்கள்தான் முதலில்.